குருட்டு கம்பைலர்

வாய்யா மெர்வின், கோட்டை அங்க மாட்டு. ஹோபார்ட்ல இந்த மாசம் இப்படித்தான் குளிர் வாட்டும். என்னது, உடனே கிளம்பணுமா? அட, உக்காருய்யா. நோரீன் ஸ்கோன் ரொட்டி சுட்டிருக்கா, தின்னாமப் போனே, என் பொண்டாட்டி என்னைய வாங்கு வாங்குன்னு வாங்கிடுவா.

ஆமா, முடிச்சிட்டேன். நீ அந்தக் காலத்துல கம்பைலருக்கு வச்ச பரீட்சை ப்ரோக்ராம் அத்தனையும் திரும்ப எடுத்தாச்சு. அது இருந்த டேப்பைக் குப்பையில போட்ட புண்ணியவான் யாருன்னு நான் கேக்க மாட்டேன். நல்லவேளை, நம்ம கம்ப்யூட்டர் சங்கத்துச் செய்தி இதழ்ல அச்சடிச்சிருந்தோம். பக்கம் பக்கமா ஸ்கேன் பண்ணி மெஷினைப் படிக்க விட்டா, அதை ஏன் கேக்குற! ஒண்ணுங்கற எண்ணைப் போய் இங்கிலீஷ் எல்லுன்னு படிக்குது. எவனோ டீக்கோப்பை வச்ச வட்டத்தை பூஜ்யம்னு படிக்குது.

சிரி, சிரி. வெள்ளிக்கிழமையானா கிளப்புல என்னைப் பாத்து சிரிக்கிற அதே சிரிப்பு. குருட்டு கம்பைலர்காரன் வந்துட்டான்டான்னு. ப்ரோக்ராமைப் படிச்சுத் தப்பைப் புடிக்கணும்னு நான் எழுதின கம்பைலர், உன் பரீட்சையில ஒரே ஒரு தப்பான ப்ரோக்ராமைச் சரின்னு உள்ள விட்டுடுச்சு. அதை நீ இதழ்ல போட்டே. அப்புறம் ஒரு பய என் கம்பைலரை வாங்கல. நான் போய் இன்சூரன்ஸ் ஆபீஸ்ல உக்காந்தேன். சரி விடு, ஜாம் தடவிக்கோ.

நோரீன் பண்ண கூத்தைக் கேளு. மெஷின் படிச்சதை ஒருவாட்டி சரிபாருன்னு அவகிட்ட குடுத்தேன். ஆயுசு பூரா பள்ளிக்கூடத்துல கணக்கும் பாஸ்கல் ப்ரோக்ராமும் நடத்தினவ, தப்பைப் பாத்தா கை சும்மா இருக்குமா? கம்பைலர் புடிக்குதான்னு பாக்க நீ வேணும்னே வச்ச தப்பை எல்லாம் சிவப்பு மையால திருத்திட்டு, யாரு இந்த மக்குப் பையன், தொட்ட எடமெல்லாம் தப்புன்னு கேக்குறா! உன்னைத்தான்யா. அப்புறம் என்ன, ஒவ்வொரு தப்பையும் தப்பில்லாம நான் திரும்பப் போட்டேன். பொழப்பைப் பாத்தியா!

இரு, அதுக்குள்ள எந்திரிக்காதே. ஒரே ஒரு பக்கத்துல மட்டும் அவ கை வைக்கல. பெருசா ஒரு டிக் வேற போட்டிருக்கா. ஆமா, அதே ப்ரோக்ராம்தான், என்னைக் கவுத்தது.

மெஷின் தப்பாப் படிச்சிருக்கும்னு சொல்றியா? நானும் அப்படித்தான் நெனச்சேன். இந்தா அசல் இதழ், இந்தா லென்ஸ், நீயே பாரு. ப்ரோக்ராம்ல வர்ற பேரையெல்லாம் மேலயே அறிவிக்கணும்ல, அப்படி அறிவிக்காத ஒரு பேரை நடுவுல நுழைக்கணும், அதானே நீ வைக்க நெனச்ச தப்பு? மேல ரெண்டாவது வரியைப் படி. அந்தப் பேரை நீயே அறிவிச்சிருக்கே. தப்பு வைக்க மறந்துட்டே மெர்வின். சரியான ப்ரோக்ராமைத்தான்யா என் கம்பைலர் சரின்னு சொல்லிச்சு.

சேச்சே, உன் மேல கோவம் இல்லய்யா. இதையெல்லாம் திரும்ப எடுக்கறது சங்கத்துக்கு, வரலாத்துக்குன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே, அதெல்லாம் கப்சா. எங்க தோத்தேன்னு ஒருவாட்டி பாத்துடணும், அவ்வளவுதான். இத்தனை வருஷமா அது குருடுன்னு நானும்தானே நம்பிட்டேன். பெத்தவனே நம்பல பாரு, அதான் வலிக்குது.

ஒரு நாலு வரி எழுதிக் குடு, தப்பு என் கம்பைலரோடது இல்லன்னு. எங்க போடறதா? இதழ் நின்னு எத்தனை காலமாச்சு, எங்கய்யா போடறது. எனக்குப் படிக்கத்தான்.