பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர்

விழுகிறது. மறுபடி ஒரு குண்டு விழுகிறது. தலைக்கு மேலே பாறை வெடிக்கிறது. சரளை கொட்டுகிறது. லாரிக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறேன். பக்கத்தில் சிக்கந்தர். வாயில் மண். கையில் ஸ்பேனர்.

1999, ஜூன். கார்கில் சண்டை. திராஸ் பக்கத்து மலைச்சாலை. நாங்கள் இருவரும் ராணுவத்தில் வண்டி மெக்கானிக்குகள். நான் செஞ்சிக்காரன். அவன் அவலூர்பேட்டை. லீவு கிடைத்தால் ஒரே பஸ்ஸில் ஊருக்கு வருவோம்.

லாரி சாலைக்குக் குறுக்கே நின்றுவிட்டது. குண்டுச் சிதறல் பட்டு கியர் பாக்ஸ் உடைந்துவிட்டது. சக்கரம் உருளவில்லை. ஒரு பக்கம் மலை. மறு பக்கம் பள்ளத்தாக்கு. பின்னால் ஆம்புலன்ஸ். அதற்குள் காயம்பட்டவர்கள் மூன்று பேர். லாரி நகராமல் அவர்களுக்கு வழி இல்லை.

சக்கரம் உருள வேண்டுமானால் கியர் பாக்ஸையும் சக்கரத்தையும் இணைக்கும் நீளத் தண்டைக் கழற்ற வேண்டும். நான்கு போல்ட். மூன்று வந்துவிட்டது. நான்காவது அசையவில்லை.

உய்ய்ய் என்று குண்டின் சீழ்க்கை. நீளமாகப் போனால் நம்மைத் தாண்டிப் போகிறது. சட்டென்று நின்றால் நமக்கு. இது நீளம். தாண்டிப் போய் வெடித்தது. காது அடைத்தது.

"இன்னாடா நடுங்கற?" என்று கத்தினான் சிக்கந்தர். "மலையனூர் தேருக்கு வாணம் வுடறான்னு நெனச்சுக்கோ!"

"தேர்ல நாம கெடக்கறது சக்கரத்துக்கு அடியிலடா!"

சிரித்தான். அந்த நேரத்திலும் சிரித்தான். சுத்தியால் நாலு போட்டான். போல்ட் இளகியது. தண்டு தொப்பென்று விழுந்தது. உருண்டு வெளியே வந்தோம். முன்னால் இருந்த வண்டி இரும்புக் கயிறு கட்டி இழுத்தது. லாரி போனது. ஆம்புலன்ஸ் போனது. சாலை காலி.

வளைவில் ஒரு பாறை மறைவு. அங்கே ஓடினோம். பிழைத்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

எங்களுக்கு ஒரு பழக்கம். வேலை முடிந்தால் சாக்கை விரிப்போம். கருவிகளை வரிசையாக வைத்துப் பார்ப்போம். அப்புறம்தான் நகர்வோம். பயிற்சியில் திட்டித் திட்டி உடம்பில் ஏற்றிவிட்ட பழக்கம். ஒரு ஸ்க்ரூடிரைவர்கூட யாராவது ஒருவர் பெயரில் இருக்கும். குண்டு விழும் நேரத்திலும் சிக்கந்தர் சாக்கை விரித்தான்.

"டேய், பத்தொம்பது எங்கடா?"

"வுட்றா! போனா போவுது!"

"எம் பேர்ல இருக்குதுடா. தோ, வந்துட்டேன்."

குனிந்தபடி ஓடுகிறான். நாங்கள் படுத்துக் கிடந்த இடத்துக்கே போகிறான். காலால் சரளையைத் தள்ளுகிறான். இல்லை. கையால் துழாவுகிறான். இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்து இரண்டு கையையும் விரிக்கிறான்.

சீழ்க்கை.

"படுடா! சிக்கா, படு!"

சீழ்க்கை சட்டென்று நின்றது.

மறுநாள் காலை. அதே லாரிக்கு அடியில் புகுந்தேன். வேறு கியர் பாக்ஸ் மாட்ட வேண்டும். மேலே பார்க்கிறேன். சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்தின் மடிப்பில் ஸ்பேனர். பத்தொன்பது. படுத்து வேலை செய்கிற எந்த மெக்கானிக்கும் கைச் சாமானை அங்கேதான் செருகுவான். சிக்கந்தரும் செருகியிருக்கிறான். அவன் தேடிப் போனபோது அந்த இடத்தில் ஸ்பேனரே இல்லை. லாரியோடு போய்விட்டிருந்தது.

ஸ்டோரில் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர், "எல்லாம் சரி" என்றார்.

இப்போது நான் செஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்துப் பட்டறையில் ஆசிரியர். லேத், ஃபிட்டிங் சொல்லித் தருகிறேன். ஊருக்கு வெளியே கல் குவாரியில் வெடி வைப்பார்கள். நான் வந்த புதிதில் ஒருநாள் சத்தம் கேட்டு லேத்துக்கு அடியில் புகுந்துவிட்டேன். "சாரு பல்லி மாரி பூந்துக்குனாரு பாருடா" என்று ஒரு மாணவன் சொன்னான். நானும் சிரித்தேன்.

என் பட்டறையில் ஒரே ஒரு சட்டம். புகை வந்தால், ஷாக் அடித்தால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடு. திரும்பி வராதே. கணக்கில் கருவி குறைந்தால் ஆபீஸ் என்னைக் கேட்கட்டும்.

இந்த வருஷம் சுதந்திர தினக் கொடியேற்றத்தில் ஒருவர் மைக்கில் பேசினார். காயம்பட்டவரைத் தோளில் தூக்கி வரும்போது சிக்கந்தர் உயிர்விட்டாராம். எல்லாரும் கை தட்டினார்கள். சிக்கந்தரின் தம்பி நிசார் தட்டவில்லை. செஞ்சி பஜாரில் இரும்புக் கடை வைத்திருக்கிறான். நடந்தது அவனுக்குத் தெரியும். சாயங்காலம் கடைக்குப் போனேன்.

"நிசாரு, நடந்தத நா எழுதிடட்டுமா? ஒரு ஸ்பேனருக்கா செத்தான்னு சிரிப்பானுங்களே."

அவன் ஆணி எடை போட்டுக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"சிரிக்கறவன் சிரிக்கட்டும்ண்ணே. தோள்ல தூக்கினான்னு சொன்னா மாலை போட்டுட்டுப் போயிடுவாங்க. ஸ்பேனருக்குப் போனான்னு சொன்னா, சாமான் எடுக்க ஓடற எவனாவது ஒருத்தன் பாதியில நின்னு திரும்பி வருவான். எழுதுண்ணே."

எழுதிவிட்டேன். அன்றைய கணக்கு இது.

ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ந்தது. உள்ளே இருந்த மூன்று பேரும் பிழைத்தார்கள். லாரி மறுபடி ஓடியது. சுத்தி இருந்தது. சாக்கு இருந்தது. பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனரும் இருந்தது. கருவிகளில் ஒன்றும் குறையவில்லை.

குறைந்தது சிக்கந்தர்.