நுனி விட்டுக் கட்டுவது

நிலாவெளி பஸ் திருகோணமலை நிலையத்தில் நின்றது. முன் இருக்கையில் ஓர் இளம் கணவனும் மனைவியும். காலடியில் கடை உறை கழற்றாத புதுப் பயணப் பெட்டி.

“சனம் கேட்டா, என்ர மனிசி லண்டனில கயிறு கட்டுறாள் எண்டு சொல்லுங்கோ,” என்றாள் அவள்.

“எங்கட சல்லி ஊரில மீன்பிடிக்கிற எல்லாரும் அதைத்தான் செய்யினம். அதுக்கு லண்டன் ஏன்?”

“பகிடி விடாதேங்கோ. நோயை எதிர்க்கிற கலத்தின்ர மேற்பரப்பில டி.என்.ஏ. இழை பொருத்தி, புற்றுநோய்க் கலத்தோட சேர்த்துக் கட்டுவம். அது புற்றுநோயை அழிச்சு வேலை முடிய இன்னொரு இழையை விட, அது பழைய இழையைத் தள்ளிக் கழட்டும்.”

“அது எப்பிடி இடையில புகும்?”

“கட்டேக்கையே ஒரு நுனியைச் சேராம விடுவம். அதைப் பிடிச்சுத்தான் வரும்.”

“நாங்களும் படகை அப்பிடித்தான் கட்டுறம். கடலுக்குப் போகேக்க நுனியை ஒருக்கா இழுத்தாச் சரி.”

“ஓம், அதேதான்.”

பஸ் புறப்பட்டது.

“நாளைக்குப் போனா, திரும்ப எப்ப வருவீர்?”

“கோயில் திருவிழாவுக்கு லீவு கேட்டுப் பாக்கிறன். போன முறையும் தரேல்லைத்தானே.”

பஸ் சாம்பல்தீவை நெருங்கியது.

“இஞ்ச பாரும், நுனி விடாமக் கட்டினா என்ன?”

“பிறகு கழட்ட ஏலாது.”

“கழட்டாட்டி என்ன?”

அவள் எழுந்து மணியை அடித்தாள். சல்லிச் சந்தியில் இறங்கும்போது பெட்டியின் ஒரே கைப்பிடியை இருவரும் பிடித்திருந்தார்கள். அது இன்னும் ஒன்றும் அடுக்காத வெறும் பெட்டி. ஒரு விரலால் தூக்கலாம்.