மேடையில் நாக்கை நீட்டச் சொன்ன பேராசிரியருக்கு

வாய்மையும் வன்மையும் ஒருங்கே வாய்த்த வாய்நோய்ப் பேராசிரியரே! நுண்ணோக்கியின் கண்ணோடு கண்ணாகி, நோயை அதன் நுனியிலேயே கண்டுகொண்ட நுண்ணறிவே! எங்கள் துறையின் தாயே, தலைமையே, ஆய்வேட்டைத் திருத்தித் திருப்பித் தரும் நாள்களில் எங்கள் தலைவலியே! பணிநிறைவு பெறும் தங்களுக்கு எங்கள் பணிவான வணக்கம்!

பாராட்டு மடல் என்றால் பட்டங்களை அடுக்குவார்கள். நாங்களும் அடுக்கத்தான் உட்கார்ந்தோம். ஆனால் எங்கே தொடங்கினாலும் பேச்சு அந்தப் பதக்க விழாவிலேயே போய் நின்றது. அன்று அடைத்த மூச்சு எங்களுக்கு இன்னும் சரியாக வரவில்லை. அந்த அதிர்ச்சியின் மறுமுனையில் நின்றவர் நம் மருத்துவமனை இயக்குநர். அவரே எங்கள் அறைக்கு வந்து, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தம் மனத்தில் ஓடியதை ஒளிக்காமல் சொன்னார். அவர் சொல்லி நாங்கள் எழுதியது இது. அவர் இசைவோடுதான் படிக்கிறோம்.

இயக்குநர் இதய மருத்துவர். பிறந்த குழந்தையின் இதயத்தில் திறவாத வால்வை மெல்லிய குழாய் செலுத்தித் திறக்கும் முறையைச் செம்மைப்படுத்தி, உலகம் முழுதும் பெயர் வாங்கியவர். வெண்கலக் குரல், அதைவிட உரத்த சிரிப்பு. பல் மருத்துவம் என்றால் மட்டும் அவருக்கு ஓர் இளக்காரம். அம்மையீர், தாங்கள் பேருந்துப் பணிமனைகளிலும் ஆலை வாயில்களிலும் கையில் டார்ச்சோடு நின்று, வேலை முடிந்து களைத்து வருபவர்களைக் கெஞ்சிக் கூத்தாடி வாய் திறக்க வைத்த காலம் அது. ஒரு கூட்டத்தில் தாங்கள் ஆய்வை விளக்கிக்கொண்டிருந்தபோதே அவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம், "வாய்க்குள்ள டார்ச் அடிக்கிறதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா?" என்றார். மெதுவாகச் சொல்வதாகத்தான் அவருக்கு நினைப்பு. அறை முழுக்கக் கேட்டது. அன்றே தங்களுக்கு 'டார்ச் அம்மா' என்று பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த டார்ச் வெளிச்சத்தில்தான், வாய்க்குள் படரும் வெள்ளைத் திட்டுகளில் எது வெறும் உராய்வு, சிவப்புப் புள்ளி கலந்த எது புற்றாக மாறக்கூடியது என்று தாங்கள் பிரித்தறிந்தீர்கள். மருத்துவரே எட்டிப் பார்க்காத ஊரிலும் ஒரு செவிலியர் வெறுங்கண்ணால் கண்டு சொல்லும்படி அந்த முறையை எளிதாக்கினீர்கள். தொடக்கத்தில் மறுத்த ஆய்விதழ்களே பிறகு தங்களைத் தேடி வந்து கட்டுரை கேட்டன. எத்தனையோ பேர் இன்று வாய் நிறையச் சாப்பிடுகிறார்கள் என்றால், அது தாங்கள் கால்கடுக்க நின்றதால்.

வாழ்நாள் ஆய்வுப் பதக்கம் தங்களுக்கு என்று அறிவித்தார்கள். அதை அணிவிக்க வந்தவர் இயக்குநர். மறுநாள் அதிகாலையில் அவர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு நீண்ட பயணம் புறப்பட இருந்தார், அவசரத்தில் இருந்தார். பதக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒலிவாங்கியின் முன் நின்று, "ஊருக்கெல்லாம் வெளிச்சம் போட்ட டார்ச் அம்மாவுக்கு இன்னைக்கு நாம வெளிச்சம் போட்டிருக்கோம்!" என்று சொல்லித் தாமே தலையை அண்ணாந்து சிரித்தார். அரங்கமும் சிரித்தது. தாங்கள் மட்டும் சிரிக்கவில்லை. மேடை விளக்கு நேராக அவர் வாய்க்குள் விழுந்திருந்தது.

பதக்கத்துக்காகக் கழுத்தை நீட்டிய தாங்கள் அவர் காதருகே குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படிதான் சொன்னீர்கள்: "சார், நாக்கைக் கொஞ்சம் நீட்டுங்க."

ஒலிவாங்கி அணைக்கப்படவில்லை என்பது தங்களுக்குத் தெரியாது. கடைசி வரிசை வரை கேட்டது.  கொல்லென்று ஒரு சிரிப்பு. இயக்குநருக்குச் செவிமடல் வரை சூடேறியது. இத்தனை வருடக் கிண்டலுக்கும் சேர்த்து வைத்து, சபை நடுவில் பழிதீர்க்கிறார் இந்த அம்மா என்றே நினைத்தாராம். பதக்கத்தைத் தங்கள் கையில் திணித்துவிட்டு, தங்கள் ஏற்புரைக்குக்கூட நிற்காமல் இறங்கி நடந்தார்.

அடுத்து நடந்ததுதான் எங்களை உறைய வைத்தது. வாழ்நாள் முழுதும் காத்திருந்த மேடையில், எழுதி வைத்த ஏற்புரையைப் படிக்காமல், தாங்கள் அவர் பின்னாலேயே ஓடினீர்கள். நாங்கள் தங்கள் பின்னால் ஓடினோம். காரின் கதவைத் தாங்கள் பிடித்துக்கொண்டீர்கள்.

"மேடம், இது நல்லால்ல. கதவை விடுங்க."

"நாக்கோட இடது ஓரத்துல ஒண்ணு இருக்கு சார். எத்தனை நாளா இருக்கு?"

"சாதா வாய்ப்புண். பல் ஓரம் குத்துது. சத்து மாத்திரை போட்டுக்கிட்டிருக்கேன்."

"வலிக்குதா?"

"வலிக்கலையே. வலிக்காததுக்கு எதுக்கு இந்தக் கூத்து?"

"வலிக்காததுதான் சார் எனக்குப் பயமா இருக்கு."

"நான் சிகரெட்டைத் தொட்டதே இல்ல, தெரியுமா?"

அதற்குள் காரின் உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "வீட்டுல ஓயாம திறக்கிற வாய்தானே? இங்க ஒரு நிமிஷம் திறந்தா குறைஞ்சா போயிடுவீங்க? திறங்க!"

தொல்லை விட்டால் போதும் என்று திறந்தார். கைப்பேசி வெளிச்சத்தில் தாங்கள் பார்த்தீர்கள். வெள்ளைத் திட்டு, நடுவே சிவப்பு. தங்கள் கை நடுங்கியதை அவர் கண்டார். இதயம் நின்றுபோன குழந்தைகளின் முன் கை நடுங்காமல் நின்றவர் அவர். ஒரு மருத்துவரின் கை எப்போது நடுங்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த இடத்தில்தான், யாரும் சொல்லாமலே நாக்கை இன்னும் வெளியே நீட்டினேன் என்றார்.

அவர் பயணம் போகவில்லை. மறுநாள் காலை சிறு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினோம். முடிவு வந்ததும் தாங்களே அவர் அறைக்குப் போய்ச் சொன்னீர்கள். ஆயிரம் பெற்றோரிடம் அதே மாதிரிச் செய்தியைத் தாம் சொன்னதுண்டு என்றும், அவர்கள் ஏன் சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என்று அன்றுதான் புரிந்தது என்றும் எங்களிடம் சொன்னார். அவரும் கேட்டார். "நிஜமாவா? என் துணுக்குதானா? மாறிப் போயிருக்காதே?" தாங்கள் ஒவ்வொரு முறையும் முதல்முறை போலவே பதில் சொன்னீர்கள்.

சாவைவிடப் பேச்சை எண்ணித்தான் பயந்தார். பேச்சுப் போனால் பாடம் போச்சு, அதட்டல் போச்சு, சிரிப்புப் போச்சு. அறுவைக்கு முந்தைய நாள் கதவைச் சாத்திக்கொண்டு, மனைவியின் பெயரையும் மகள்களின் பெயர்களையும் உரக்கச் சொல்லிப் பார்த்தாராம். வெளியே நின்ற மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

நாக்கின் ஓரத்தில் ஒரு சிறு பகுதியை நீக்கியதோடு அறுவை முடிந்தது. கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவவில்லை. பயணம் போய்த் திரும்பியிருந்தால் பாதி நாக்கும் பாதி ஆயுளும் போயிருக்கும் என்று அறுவை மருத்துவர் சொன்னார். இப்போது இயக்குநர் நன்றாகவே பேசுகிறார். ழகரம் மட்டும் கொஞ்சம் வழுக்குகிறது. அதற்கும் அவரே முதலில் சிரிக்கிறார்.

தேறி வந்ததும் தங்களிடம் அவர் கேட்ட கேள்வியை எங்களிடமும் சொன்னார்.

"அன்னைக்கு மேடையில, எவ்வளவு நிச்சயமா இருந்தீங்க?"

"பாதிகூட இல்ல சார். தூரத்துல, ஒரு கணம் பார்த்தது."

"தப்பா இருந்திருந்தா? பதக்கம் வாங்கின அன்னைக்கே ஊர் சிரிச்சிருக்குமே?"

"சிரிச்சிருக்கும். ஆனா நீங்க நல்லா இருந்திருப்பீங்கல்ல? நானும் நிம்மதியா வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன்."

அதைச் சொல்லும்போது எங்கள் முன்னால் இயக்குநருக்கு எல்லா எழுத்துகளுமே வழுக்கின. அது நாக்கின் குறை அல்ல.

அம்மையீர்! தங்கள் கட்டுரைகளை உலகம் எண்ணிக்கொள்ளட்டும். தங்கள் பெயரின் உச்சியில் நின்றபோது, பாதிக்கு மேல் ஐயத்தோடும் முழு அக்கறையோடும் அந்தப் பெயரையே பணயம் வைக்கத் துணிந்த தங்கள் நெஞ்சை நாங்கள் நேரில் கண்டோம், கண்டு திகைத்தோம், அந்தத் திகைப்பிலிருந்து மீள எங்களுக்கு விருப்பமில்லை!

தங்கள் பார்வை மங்காதிருக்க! நோவும் நொடியும் அண்டாதிருக்க! பேரப்பிள்ளைகளைக் கதை சொல்லித் தூங்கவைக்கும் இரவுகள் நீள்க! தங்களைக் கேட்காமல் நாங்களே முடிவெடுக்க வேண்டிய நாளை முதல், ஐயம் வந்தால் வாய்மூடி நிற்காத துணிவு எங்களுக்கும் வாய்க்க, தாங்களே எங்களை வாழ்த்தி விடைபெறுக!

தங்கள் பிரிவால் கலங்கி நிற்கும்
வாய்நோய் ஆய்வுத்துறை ஆசிரியர்கள், செவிலியர்கள், ஆய்வகப் பணியாளர்கள், மாணவர்கள்