அந்திக்கு மூடிக்கொள்ளும் பூ

கூட்டத்தின் நடுநாயகமாக வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! குடியிருப்பின் குழாயையும் எங்கள் பொறுமையையும் ஒருசேரச் சோதிக்கும் செயலாளர் அவர்களே! மூட்டுவலியை மூன்றாம் மாடியிலேயே விட்டுவிட்டு முன்வரிசைக்கு வந்திருக்கும் மூத்தோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் வணக்கம்.

நான் தையல்காரன். துணியை யோசிக்காமல் வெட்டுவேன். என் பேச்சை மட்டும் வேறு யாராவதுதான் வெட்ட வேண்டும். என்ன ஐயா, பின்னாலிருந்து? "அதுக்குத்தான் நான் வந்திருக்கேன்" என்கிறீர்களா? உங்கள் சட்டைக் கையை ஒருமுறை குட்டையாகத் தைத்ததற்கு இன்னும் பழி தீரவில்லை!

இன்றைய தீர்மானம் என்ன? சுற்றுச்சுவர் ஓரம் என் மகள் வளர்க்கும் காட்டு டெய்சிப் பாத்தியைக் கொத்திவிட்டு, ஸ்கூட்டர் நிறுத்த சிமெண்டுத் தளம் போடுவது. காரணம்? "பூக்காத களை!"

அந்தக் களை எங்கிருந்து வந்தது? என் மகள் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக், இரவு ஷிப்ட். பணிமனைப் பின்சுவரோரம், எண்ணெய்க் கறை படிந்த சரளையில், எவரும் நடாமல், எவரும் நீர் வார்க்காமல் கிடந்த செடி அது. அங்கே தளம் போட ஆள் வந்தபோது, ஸ்பேனர் பிடித்த கையால் ஒரு கொத்தைப் பெயர்த்து, சாப்பாட்டு டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தாள். மறுநாள் பணிமனையில் அது இல்லை. எனக்குத் தெரிந்து ஊரில் மிச்சமிருப்பது நம் சுவரோரம் மட்டும்தான்.

வேரைப் பிரித்துப் பிரித்து நட்டாள். நானோ ஞாயிறுகூடப் பாராமல், வெயில் ஏறுவதற்குள் கடைக்கு ஓடி, இருட்டிய பின் திரும்புகிறவன். பார்க்கும்போதெல்லாம் கூம்பிய மொட்டு!

"என்னம்மா, உன் செடி வாயே தெறக்க மாட்டேங்குது?"

"பூக்குதுப்பா. தினமும் பூக்குது."

"எங்க, உன் கனவுலயா?"

"நீங்க பாக்கற நேரத்துல அது தூங்குது. அதுக்கு நான் என்ன பண்றது?"

நம்பினேனா? மகள் சொன்னதையெல்லாம் நம்பிவிட்டால் அப்பனுக்கு வேறு வேலை ஏது? மெலிந்த பிள்ளைக்குச் சோறூட்டுவதுபோல், அவளுக்குத் தெரியாமல் கூடை கூடையாக எரு போட்டேன். இலை கொழுத்தது, கீரைக்கடை வைக்கலாம்!

"யாருப்பா எரு போட்டது?"

"அம்மாவா இருக்கும்."

ஜன்னலிலிருந்து மனைவி கேட்டாள்: "அப்ப உங்க செருப்புல ஒட்டியிருக்கறது என்னவாம்?"

சிரியுங்கள், தாய்மார்களே, சிரியுங்கள்! சரளையில் பிறந்ததற்கு என் விருந்து ஒத்துக்கொள்ளவில்லை. மகள் எருவை வழித்தெடுத்துவிட்டு, மறுபடியும் சரளையைக் கலந்தாள்.

பிறகொரு நாள், மறந்துபோன அளவு நாடாவை எடுக்க நடுப்பகலில் வீட்டுக்கு வந்தேன். வந்தவன் சுவரோரம் நின்றுவிட்டேன். வெள்ளை! சுவர் நெடுக வெள்ளை இதழ், நடுவே மஞ்சள் பொட்டு! வயதெல்லாம் பித்தான் தைத்தவன் நான். அத்தனை அழகாக ஒரு பித்தான்கூடத் தைத்ததில்லை. மகள் உள்ளே உறங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பிச் சொல்லவில்லை. தோற்றதை ஓடிப்போயா அறிவிப்பார்கள்?

இதோ, தொட்டியில் ஒரு செடி கொண்டுவந்திருக்கிறேன். கூம்பித்தான் இருக்கிறது. "பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்கிறார் செயலாளர். ஐயா, இருட்டிய பிறகு கூட்டம் வைத்தது நீங்களா, பூவா?

களை என்றவர் யார்? காலையில் ஓடி இரவில் திரும்பும் நாம். பூக்கவில்லை என்றவர் யார்? பூக்கும் நேரத்தில் இங்கே இல்லாத நாம், இருந்தாலும் வெயிலுக்கு அஞ்சிச் சுவரோரம் போகாத நாம்! ஸ்கூட்டருக்கு இடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மழையில் நனையும் ஸ்கூட்டர்களில் என்னுடையதும் ஒன்று. நான் கேட்பது ஒன்றே. வாக்கெடுப்பை இங்கே வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில், அந்தச் சுவரோரம் வையுங்கள். விழித்திருக்கும் பூவுக்கு எதிரே நின்று, "இந்தப் பூ வேண்டாம்" என்று உயர்கிற கை உயரட்டும். அந்தக் கைகளே அதிகமென்றால், மண்வெட்டியை நானே எடுத்து வருகிறேன்.

இன்று வேலைக்குக் கிளம்பும்போது மகள் கேட்டாள்: "மேடையில என்னப்பா சொல்லப் போறீங்க?"

"பூக்குதுன்னு சொல்லப் போறேம்மா."

ஷூ கயிற்றைக் கட்டியவள் நிமிர்ந்தாள். "எப்பப் பாத்தீங்க?"

"அளவு நாடா எடுக்க வந்தப்ப."

"அன்னிக்கே எழுப்பியிருக்கலாம்ல?"

எழுப்பியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை எழுப்புகிறேன். நீங்கள் எல்லோரும் அங்கே நிற்பதை அவள் பார்க்க வேண்டும்.

குட்டைக் கைச் சட்டைக்காரர் உட்பட, பொறுமையோடு கேட்ட அனைவருக்கும் நன்றி. பூவும் நாமும் ஒருசேர விழித்திருக்கும் வேளையில் சந்திப்போம். வணக்கம்!