பெயர் ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம்

தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் ஐயா ஆதிமூலம் அவர்களே, மலை சுற்ற வருவோருக்கு அல்லும் பகலும் தொண்டாற்றும் நம் பக்தர் உதவிக் குழுப் பெரியோர்களே, அடுப்பு வேலையை ஒதுக்கிவிட்டு அவைக்கு வந்த அன்னையரே, அனைவரையும் வணங்குகிறேன்.

நம் குழுவின் இணையதளத்தைப் புதுப்பித்திருக்கிறோம், வாழ்த்திப் பேசு என்றார்கள். வாழ்த்த எனக்கு வாய் வரவில்லை. பழைய தளத்தை அடுக்கியவன் நான்தான். அடுக்கினேனா? அள்ளி அடைத்தேன்.

சென்ற ஆண்டு, இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டுத் தீபத்தன்று, கீழ்பென்னாத்தூர் வேடியப்பன் கூட்டத்தில் தவறிப்போனார். வாதத்தால் வாய்ப்பேச்சு இழந்தவர். மனைவி கன்னியம்மாள் நம் பந்தலில் அழுதபடி பெயர் கொடுத்தார். ‘காணாமல் போனோர்’ பக்கத்தில் பெயரை மட்டும் ஏற்றினோம். மறுநாளே ஊர்பேர் தெரியாத ஒருவரைத் தொண்டர்கள் கண்டெடுத்து, செங்கம் சாலைக் காப்பகத்தில் சேர்த்தார்கள். அவர்தான் வேடியப்பன் என்று யாருக்குத் தெரியும்? படம் பிடித்தோம். எங்கே போட்டோம்? ‘கண்டெடுத்தவை’ பக்கத்தில், ஒரு குடைக்கும் ஒரு சாவிக்கொத்துக்கும் நடுவில் போட்டோம். பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். தமிழ் படித்த நான் உயர்திணையை அஃறிணையில் அடுக்கியிருக்கிறேன்.

வாரந்தோறும் வேங்கிக்கால் பிரவுசிங் சென்டருக்கு மகள் சிந்துஜாவோடு வந்தார் கன்னியம்மாள். தேடினார், தேடினார், தேய்ந்து தேய்ந்து தேடினார். கணவனைத் தொலைத்தவள் காணாமல் போனோரில் தேடாமல் வேறெங்கே தேடுவாள்? அங்கே பெயர் மட்டும் இருந்தது. அந்தப் பெயரைத் திரையில் தொட்டுப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறுவாராம்.

ஐந்தாம் மாதம் மகளிடம் சொன்னார்: “ஆளுதான் கிடைக்கல. அவரு மாட்டிக்கினு போன மஞ்சப் பையாவது கிடைச்சிதானு பாரும்மா.”

பையைத் தேடிய பக்கத்தில் கணவர் முகத்தைப் பார்த்தார்.

அதே ஊரின் மறுகோடியில் இருந்த காப்பகத்துக்கு ஓடினார்கள். வேடியப்பன் காலமாகிப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. மாலையானால் கேட்டைப் பிடித்தபடி சாலையையே பார்த்து நிற்பார் என்றார்கள். கன்னியம்மாள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “இம்மாங் கிட்டவா இருந்தாரு? நடந்தே வந்திருப்பேனேங்க” என்றார்.

அன்பர்களே, வைத்தவனுக்கு வசதியான இடத்தில் வைத்தோம். வாடித் தேடி வருபவர் எந்த வாசலைத் தட்டுவார் என்று யோசித்தோமா? அவர் என்ன பெயர் சொல்லித் தேடுவார் என்று ஒருவரையாவது கேட்டோமா? புதிய தளத்தில் பெயரும் முகமும் ஒரே பக்கத்தில் இருக்கும். ‘உங்கள் வீட்டாரைத் தேடுகிறீர்களா?’ என்பதே முதல் வரி. அதைச் சொல்லித் தந்தவர் கன்னியம்மாள். இவ்விழாவுக்கு அவரை அழைத்தேன்.

“நல்லா செய்யுங்க. எனக்குத்தான் தேட ஆளு இல்லீங்களே” என்றார்.

செவி தந்த உங்களுக்கு என் நன்றி. வெளியே கூட்டம் ஜாஸ்தி, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு போங்கள். வணக்கம்.