ஐம்பது கஜத் தோட்டா

எங்கள் வீட்டு நிலவறையில் ஈரம் தங்காது. ஏரிக்கரையில் அப்படி ஒரு அறை அமைவது அபூர்வம். அதனால்தான் வெடிமருந்தும் தராசும் ஈயக் குண்டு வார்க்கும் சட்டியும் இருபத்திரண்டு வருடமாக அங்கேயே இருக்கின்றன. வேண்டுமானால் இறங்கிப் பாருங்கள், எதையும் ஒளித்துவைக்கவில்லை.

நீங்கள் நீட்டும் தாளைப் படித்துவிட்டேன். வெண்டல் ஹோஸ்டெட்லர் தன் தோட்டாக்களைத் தானே அடைத்துக்கொண்டவர் என்று அதில் இருக்கிறது. துப்பாக்கி சுடும் மன்றத்தின் பாதுகாப்பு அதிகாரியாக நீங்கள் என் கையெழுத்தைக் கேட்பது நியாயம்தான். ஆனால் அது உண்மையில்லை. அவனுடைய தோட்டாக்களை எப்போதும் நான்தான் அடைத்தேன்.

ஒரு துப்பாக்கிக்கு எந்த மருந்து, எவ்வளவு, எந்த எடைக் குண்டு பொருந்தும் என்பதை ஊகித்துச் சொல்ல முடியாது. பத்துப் பத்தாக அடைத்து, துப்பாக்கியை இரும்புப் பிடியில் இறுக்கி, ஐம்பது கஜத்தில் சுட்டு, இலக்கு அட்டையில் விழுந்த துளைகளை அளந்து, மறுபடி மாற்றவேண்டும். வெண்டலின் துப்பாக்கிக்குச் சரியானதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று குளிர்காலம் ஆனது. கடைசியில் பத்துக் குண்டுகள் விழுந்த இடத்தை ஒரு பிஸ்கட்டால் மூடிவிடலாம். அன்று அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

அதே தோட்டா என் கையில் அட்டை முழுக்கச் சிதறும். எனக்குக் கை நடுங்கும். அவனுக்கு நடுங்காது. அவ்வளவுதான் எங்களுக்குள் வித்தியாசம்.

ஜூலைப் போட்டியில் அவன் மாநிலத்திலேயே முதலாவதாக வந்தான். மன்றத்து மதியச் சாப்பாட்டில் யாரோ கேட்டார்கள், “தோட்டா யாரு கைவேலை வெண்டல்?”

“என் கைதான், வேற யாரு கை?” என்றான். பிறகு என் தோளில் தட்டினான். “இவன் சுட்டா அட்டையைத் திருப்பிக் கடையிலயே குடுத்துடலாம். அவ்ளோ புதுசா இருக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது காரில் சொன்னான், “தப்பா எடுத்துக்காதடா ஓரின். இன்னொருத்தன் அடைச்சுக் குடுத்துதான் சுடறேன்னு தெரிஞ்சா என்னை மதிப்பானுங்களா?” நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்றேன்.

செப்டம்பர் போட்டிக்கு ஐம்பது அடைத்தேன். பாதியில் வாசல்மணி அடித்தது. வெண்டலின் மனைவி நெட்டி ஆப்பிள் பணியாரம் கொண்டுவந்திருந்தாள். பேசிவிட்டு இறங்கிவந்து, விட்ட இடம் தெரியாமல், இழுக்கும்போதெல்லாம் ஓர் அளவு மருந்தைக் கொட்டும் கைப்பிடியை இழுத்தேன். ஒரு தோட்டாக் கூட்டில் மருந்து இரண்டு முறை விழுந்துவிட்டது. அது தவறுதான். யாருக்கும் நேரக்கூடியது.

முப்பதாவது சுற்றோ என்னவோ, சத்தம் வேறு மாதிரி கேட்டது. நான் அடுத்த மேசையில் இருந்தேன். துப்பாக்கியின் பிடி பிளந்திருந்தது. வெண்டல் தன் வலக்கையை வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டு நின்றான். நடுவிரலில் பாதி போய்விட்டது. ஆள்காட்டி விரல் இனி மடங்காது.

ஆஸ்பத்திரியில் நெட்டி காப்பி வாங்கப் போன சமயம் என்னைக் கிட்டே கூப்பிட்டான்.

“வாயத் தொறக்காத. நானே அடைச்சதுன்னு சொல்லிட்டேன்.”

“வெண்டல்...”

“கிட்டத்துல இருக்கிறது எனக்குச் சரியா தெரியாதுன்னு எல்லாருக்கும் தெரியும், நம்பிடுவாங்க. கைதவறுனதுக்கு உன்னையும் மன்றத்த விட்டுத் தூக்கணுமா? நீ அங்க போகாம செத்துடுவடா.”

நான் சரி என்றேன். அந்த ஒரு சொல்லை நினைத்தால் இன்றும் தட்டில் இருப்பது இறங்குவதில்லை. நான் இளைத்துப்போகிறேன் என்று நெட்டி வாரம் இருமுறை சூப் கொண்டுவருகிறாள். “நீங்க ஏன் இப்படி உருகுறீங்க? உங்க தப்பா இது?” என்கிறாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு வாங்கிக்கொள்கிறேன்.

இதை எழுதிக்கொள்ளுங்கள். குண்டை வைத்து அழுத்துவதற்கு முன் ஒவ்வொரு கூட்டிலும் விளக்கடித்துப் பார்ப்பது என் பழக்கம். ஒரு நாளும் தவறியதில்லை, அன்றும் தவறவில்லை. முப்பத்தோராவதில் மருந்து இருமடங்கு உயரத்தில் நின்றது. கொட்டிவிடலாம் என்று கையில் எடுத்தேன். மேலே நெட்டி கொண்டுவந்த பணியாரத்தின் வாசம் வந்துகொண்டிருந்தது. ஜூலையில் மன்றத்தில் எல்லோரும் சிரித்த சிரிப்பு காதில் கேட்டது. பிறகு கொட்டாமல் அந்த மருந்தின் மேலேயே குண்டை வைத்து, மற்றவற்றைப் போலவே ஒழுங்காக அழுத்தி, துடைத்து, பெட்டியில் வைத்தேன்.

தாளை மாற்றி எழுதிக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வெண்டலிடம் மட்டும் சொல்லவேண்டாம். கையும் போய், மன்றமும் போய்விட்டது. இருக்கும் ஒரே நண்பனையும் அவனிடமிருந்து பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.