ஜூஸ் பாட்டிலில் பூச்சிமருந்து

எழுமலை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஓர் அக்காவும் தங்கையும். தங்கையின் மடியில் அவளுடைய மூன்று வயது மகள் தூங்கினாள்; அன்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"ஜூஸ் பாட்டில்ல பூச்சிமருந்து இருந்தா, பிள்ள குடிக்காம பூசையா பண்ணும்?" என்றாள் அக்கா.

"பக்கத்துத் தோட்டத்து அண்ணே மிச்ச மருந்த அதுலதான்க்கா ஊத்திக் குடுத்தாரு."

"தங்கமான மனுசன். நீ உடனே புளியக் கரச்சு ஊத்தி வைத்தியம் பாத்துட்ட!"

"வாந்தி எடுத்தா வெசம் வெளிய வந்துரும்னு நெனச்சேன்."

"எங்க வந்துச்சு? நுரையீரலுக்குள்ளல்ல போச்சு! எதுவும் குடுக்காம நேரா தூக்கிட்டு வரணும்னு டாக்டரு எம்புட்டுக் கத்துனாரு. என்ன மருந்துன்னு கேட்டா, உம்புருசன் 'பச்சையா இருக்கும் சார்'ங்கிறான். பெரிய விஞ்ஞானி!"

நாகமலை புதுக்கோட்டை தாண்டியதும் தங்கையின் போன் அடித்தது. பேசி முடித்துச் சிரித்தாள்.

"அவருதான்க்கா. அந்த ஜூஸ் பாட்டில தூக்கிப் போட்டுட்டாராம்."

"இப்பவாச்சும் புத்தி வந்துச்சே. உள்ள இருந்த மருந்து?"

"அத பாப்பாவோட தண்ணி பாட்டில்ல மாத்திட்டாராம். அதுலதான் மூடி நல்லா டைட்டா இருக்காம்."